தெளிதல்

ஒரே ஒரு வரியை மட்டும் மஞ்சள் மையால் கோடிட்டு
என் கட்டுரையை அச்செடுத்துக் கொண்டுவந்திருந்தாள் ஹில்க்கா.
மடியில் மகன், ஐந்து மாதம்,
மேலுதடு மூக்குவரை பிளந்தவன்.
ஜன்னலுக்கு வெளியே ஓவுலு நகரம்
விடிய மனமில்லாமல் பனிக்குள் கிடந்தது.
"இதை எழுதியது நீங்கள்தானே?"

நான்தான்.
அப்போது எனக்கு முப்பத்து நான்கு.
மருத்துவமனையின் கீழ்த்தளத்தில்
கொதிகலன் அறைக்குப் பக்கத்தில் ஆய்வகம்.
பிறந்து ஏழே நாளான எலிக்குட்டிகள்,
கண் திறக்காதவை, ஒவ்வொன்றும் பதினைந்து கிராம்.
ஆறு மணி நேரம் வாயு கொடுத்தேன்.
பாதியைத் தாயிடம் திருப்பினோம்.
திருப்புமுன், விலங்குக் காப்பாளர் யொர்மா
கூண்டின் மரத்தூளை அள்ளி
அவற்றின் முதுகில் தேய்த்துவிடுவார்.
வேற்று வாசனை அடித்தால்
தாய் முகர்ந்து பார்த்து ஒதுக்கிவிடுமாம்.
அது என் கட்டுரையில் இல்லை.

மீதிப் பாதியின் மூளைகளை
முடியைவிட மெல்லிய சீவல்களாக்கிச் சாயம் ஏற்றினேன்.
செத்துக்கொண்டிருந்த செல்கள் கறுத்துத் தெரிந்தன.
கட்டைவிரலால் எண்ணுபொறியை அழுத்தி அழுத்தி
ஒரு குளிர்காலம் முழுக்க எண்ணினேன்.
வாயு படாத குட்டிகளிலும் கறுப்பு உண்டு,
வளரும் மூளை தன்னைத் தானே களையெடுக்கும்.
என் குட்டிகளிலோ
களையோடு பயிரும் போயிருந்தது.

அன்றிரவு பணியில் ஒரு குடலிறக்கம்.
மூன்று வாரச் சிசு.
கீழே எண்ணிய அதே கட்டைவிரல்தான்
மேலே அதன் தாடையைத் தூக்கிப் பிடித்தது.
அதன் மயக்கம் தெளிந்தது.
எனக்குத் தெளியவில்லை.

பிறகு எலிகளை விட்டுக் குழந்தைகளிடம் வந்தோம்.
கைக்குழந்தையாய் வாயுவில் உறங்கியவர்கள் ஒரு பக்கம்,
முதுகில் ஊசியோடு விழித்தபடி
சர்க்கரைத் தண்ணீர் நனைத்த சப்பானைச் சப்பிக்கொண்டே
கத்தியைக் கடந்தவர்கள் மறுபக்கம்.
ஐந்து வயதில் எல்லோரையும் அழைத்து
மேசைமேல் மரக்கட்டைகளைக் கொட்டினோம்.
கோபுரம் கட்டச் சொன்னால்
ஒருவன் பாலம் கட்டி
அடியில் என் பேனாவைப் படகாக விட்டான்.
அதற்கு மதிப்பெண் கிடையாது.
அவன் எந்தப் பக்கம் என்று பார்க்க
எனக்கு அனுமதியும் கிடையாது.
எல்லாம் கூட்டிக் கழித்தபின்
பூஜ்ஜியத்தின் இருபுறமும் கால் ஊன்றி
நின்றது விடை.

இதையெல்லாம் ஹில்க்காவிடம் சொன்னேன்.
அது ஆறு மணி நேரம், இது ஒன்றரை.
எலிக்கு ஒரு வாரம் என்பது
மனிதருக்கு ஒரு வாரமல்ல.
வலியை அப்படியே விட்டால்
அதுவும் மூளையில் எதையாவது எழுதும்.
என் கட்டுரைக்கு எதிராக நானே வாதாடினேன்,
கட்டணம் வாங்காத வக்கீலைப் போல.

"ஒன்றும் ஆகாது என்று நிச்சயமாகச் சொல்வீர்களா?"
"மாட்டேன்."

தாளை நான்காக மடித்தாள்.
மகன் அதைப் பிடுங்கி ஓரத்தை எச்சிலாக்கினான்.
நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.
பிறகு அவளே எழுந்து
அவனை என் கையில் கொடுத்தாள்.
தாளையும் சேர்த்து.

முகமூடிக்குள் ஒரு கத்தல் பாதியில் நின்றது.
8.41 என்று குறித்தேன்.
தேவைக்கு மேல் ஒரு மூச்சும் போகக்கூடாதென்று
வாயுவின் திருகைத் திருகித் திருகிக் குறைத்தேன்.
தையல்காரியின் பொறுமையோடு வேலை செய்தாள் அறுவை நிபுணர்.
அவளை அவசரப்படுத்தாமலிருக்க
நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

விழித்ததும் அழுதான், புதிய வாயால்.
ஹில்க்கா அவனை வாங்கி
உச்சந்தலையில் மூக்கை வைத்தாள்.
முகம் சுளித்தது.
எனக்கும் அந்த வாசனை தெரியும்,
இனிப்பு கலந்தது, அவனுடையது அல்ல.
கைப்பிடி மரத்தூளுக்கு நான் எங்கே போவேன்?

சுளித்த முகத்தோடே
மறுபடி முகர்ந்தாள்.
பிறகு தன் கம்பளிச் சட்டைக்குள்
அவனைத் தலைவரை நுழைத்துக்கொண்டாள்.

10.16.
எழுதிவைத்தேன்.